நேற்றைய நம்மோடு நமது போட்டி

     

“பிறரோடு போட்டியிடுவதைவிட உன்னோடு நீயே போட்டியிடு” என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பொருளைக் கண்டவுடன் எனக்கு முதலில் தோன்றியது ஐயமே. ஐயத்திற்குக் காரணம் உண்டு. “பிறரோடு போட்டியிடாதே” என்னும் அறிவுரை நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. நம் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் அது வேறு சொற்களில் சொல்லப்பட்டது. “உனக்கு விதித்ததை நீ செய், அடுத்தவனைப் பார்க்காதே, அவன் உண்பதையும் உடுப்பதையும் படிப்பதையும் கண்டு ஆசை கொள்ளாதே” என்று ஊர் சொன்னது. குளத்தில் இறங்காதே, கோயிலில் நுழையாதே, பள்ளித் திண்ணைக்கு வராதே என்பனவெல்லாம் போட்டியிடாதே என்பதன் வேறு வடிவங்களே. ஆகவே, இந்த அறிவுரையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வருகிற எவரும், எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்தக் கடமைப்பட்டவர் ஆவார்.

நான் சொல்ல வந்தது இதுதான். இடங்களுக்காகவும் பதவிகளுக்காகவும் உரிமைகளுக்காகவும் நடைபெறும் போட்டி ஒன்று உண்டு. அதிலிருந்து நாம் ஓர் அங்குலமும் பின்வாங்கலாகாது. விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், அரசமைப்புச் சட்டம் வழங்கிய ஒதுக்கீட்டைத் தலைநிமிர்ந்து பெற வேண்டும். ஆனால், “நான் வளர்ந்திருக்கிறேனா, தேய்ந்திருக்கிறேனா?” என்று ஒருவன் தன்னைத்தானே அளந்துகொள்ளும் கோல் ஒன்றும் உண்டு. அந்த அளவுகோலைப் பிறர் கையில் கொடுத்துவிடுகிறவன் முதற்போட்டியிலும் நெடுநாள் நிற்கமாட்டான். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனால் நம் இளைஞர் பலர் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர் என்பது, வகுப்பறையில் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில் நான் கண்ட உண்மை.

கல்லூரியின் முதற்பருவத்தில் இது பெரும்பாலும் நிகழ்கிறது. ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை நகரத்துக் கல்லூரியில் சேருகிறான். அங்கே அவனுக்கு அருகில் அமர்ந்திருப்பவன் மழலைப் பருவம் முதல் ஆங்கிலத்தில் படித்தவன்; தந்தை பொறியாளர், தாய் பேராசிரியை; பாடத்திற்கு ஒரு தனிப்பயிற்சி என்று வளர்ந்தவன். முதல் தேர்வில் அவன் 85 மதிப்பெண் பெறுகிறான். நம் பிள்ளை 41 பெறுகிறான். அந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நம் பிள்ளை, “இது நமக்கு ஆகாது” என்று முடிவுகட்டுகிறான். இரண்டாம் தேர்வில் தான் 52 பெற்றதை அவன் கவனிப்பதேயில்லை. ஏனெனில் அடுத்தவன் அப்போதும் 85-இலேயே இருக்கிறான். மூன்றாம் பருவத்தில் அவன் ஊருக்கு வந்துவிட்டான், கட்டட வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்படுகிறோம். 41-லிருந்து 52-க்கு ஏறிய அந்தப் பதினொரு மதிப்பெண்ணை அவனுக்கு எடுத்துக்காட்ட ஒருவரும் அருகில் இல்லாமற் போயினர்.

இங்கே அண்ணல் அம்பேத்கரின் மாணவ வாழ்வைச் சற்று விரிவாகவே நினைவுகூர விரும்புகிறேன். அவருடைய பட்டங்களை மேடைதோறும் நாம் அடுக்கிக் கூறுகிறோம். அவற்றைக் கேட்கும் சிறுவன் என்ன நினைக்கிறான்? “அவர் பிறவி மேதை, நான் எங்கே, அவர் எங்கே?” என்று கும்பிட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறான். அவ்வாறு கும்பிடச் செய்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் எண்ணம்.

1907-ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. நூற்றுக்கு 38-க்கும் குறைவு! இன்று நம் தெருவில் ஒரு பிள்ளை இந்த மதிப்பெண்ணோடு வந்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். எனினும், அன்றைய பம்பாயில் தீண்டாமைக்குட்பட்ட குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அத்தேர்வில் தேறியதே அரிய செய்தியாக இருந்தது. அதற்கெனப் பாராட்டுக் கூட்டமும் கூட்டினர். அவ்வாண்டு முதலிடம் பெற்றவர் யார் என்பதை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அதன்பின் 1912-இல் இளங்கலைப் பட்டம். 1913-இல் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1915-இல் முதுகலை. 1916-இல் இலண்டன் பொருளியற் பள்ளியில் சேர்ந்தார். சட்டம் பயிலக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பு நடுவில் நிற்க, அவர் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று.

தம்பிமார்களே! இந்த இடத்தில்தான் நீங்கள் சற்று நின்று பார்க்க வேண்டும்.  அவர் பரோடாவில் பணி ஏற்கச் சென்று, தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல், சாதியை மறைத்துத் தங்கிய விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். அதன்பின் 1918-இல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். பேராசிரியராகியும், ஆசிரியர் அறையிலிருந்த பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என்று உடன்பணிபுரிந்தோர் சிலர் தடுத்தனர். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் பெற்ற கடனும் சேர்ந்தன. 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். உடன் பயின்றவர்களோடு ஒப்பிட்டால் மூன்றாண்டுகள் பின்தங்கியவர் அவர். அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இரண்டாம் முறை கப்பலேற மனம் வந்திருக்குமா?

1921-இல் எம்.எஸ்சி. பட்டம். அடுத்து, ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்திற்காக 1922-இல் அளித்தார். தேர்வாளர்கள் அதனை அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதித் தருமாறு பணித்தனர். கையிலோ பணம் இல்லை. 1923-இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தபடியே திருத்தி எழுதி அனுப்பினார். அவ்வாண்டிலேயே பட்டம் வந்தது, நூலும் வெளிவந்தது. பேராசிரியர் எட்வின் கேனன் அந்நூலுக்கு எழுதிய முன்னுரையில், ஆசிரியரின் கருத்துகள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்பதை மறைக்காமலே எழுதினார். அத்தகைய ஆசிரியரின் முன்பு நின்று தம் ஆய்வை நிலைநாட்டியவர் அண்ணல்.

அவர் மனத்தில் என்ன எண்ணினார் என்று நான் கூற வரவில்லை. அது நமக்குத் தெரியாது. செயலைப் பார்க்கிறோம். 282-இல் நின்றவர் அடுத்த படியில் ஏறினார். அங்கே தடுக்கப்பட்டவர் மீண்டும் அதே படிக்கு வந்து ஏறினார். திருத்தச் சொன்னபோது திருத்தினார். ஆசிரியரும் தேர்வாளரும் விதித்த தரத்தைக் குறைத்துக் கேட்கவில்லை. அந்தத் தரத்தை எட்டத் தமக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை மட்டும் மற்றவர்களின் நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. 1927-இல் கொலம்பியாவின் முனைவர் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டபோது, அவர் அங்கு முதன்முதலாக நுழைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1927-இல்தான் மகாடு குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி நீர் பருகினார் என்பதையும் உடன் சேர்த்தே நினைக்க வேண்டும். குளத்து நீருக்காக அவர் தம்மோடு தாமே போட்டியிட்டுக்கொண்டிருக்கவில்லை. அது உரிமை, அதனை மற்றவரிடமிருந்துதான் பெற வேண்டும்.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பிராமணர். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவுபடுத்துவார்களே என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்பில் நுழைந்ததாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். விளையாட்டிலும் பேச்சிலும் பிற பிள்ளைகளோடு கலக்க இயலாமற்போன அந்தச் சிறுவர்தான் பின்னர் 1893-இல் இதழ் தொடங்கினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து நம் மக்களுக்காக வழக்காடினார்.

படிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விளையாட்டில் நாட்டமுள்ள பிள்ளைகள் முகம் சுளிப்பர். அவர்களுக்காகப் பல்வங்கர் பாலூவைப் பற்றிச் சொல்கிறேன். நம் நாட்டில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசாத தெரு இல்லை. ஆனால், இந்தியாவின் முதற்பெரும் பந்துவீச்சாளர்களுள் ஒருவர் தோல் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தவர் என்பதை அறிந்த தெருக்கள் மிகச் சில.

1876-இல் தார்வாரில் பிறந்த பாலூ, பூனாவில் ஐரோப்பியரின் கழகத்தில் ஆடுகளம் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். புல் வெட்டுவது, தளம் உருட்டுவது, பயிற்சி வலை கட்டுவது இவையே அவர் வேலை. மாதக் கூலி சில ரூபாய்கள். வலையில் பயிற்சி செய்யும் ஆங்கிலேயர்க்குப் பந்து வீசவும் பணிக்கப்பட்டார். மணிக்கணக்கில் வீசினார். மட்டை பிடிக்க மட்டும் அவரை விடமாட்டார்கள்; வேலையாளின் கையில் மட்டை எதற்கு? ஆட்டத்தில் சேர்ப்பது என்ற பேச்சே இல்லை. அவருக்கு எதிராளி இல்லை, பந்தயம் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பந்து, அடுத்த பந்து. இடக்கையால் மெதுவாக வீசும் பந்தை எங்கே விழச்செய்வது, எவ்வளவு திருப்புவது என்பதை அந்த ஆண்டுகளில் அவர் கற்றுத் தேர்ந்தார். பார்வையாளர் இல்லாத அந்த வலைதான் அவருடைய கல்லூரி.

பின்னர் இந்துக்களின் அணி, ஐரோப்பியரை வெல்ல வேண்டுமென்றால் இவரின்றி இயலாது என்றறிந்து, முணுமுணுத்துக்கொண்டே அவரைச் சேர்த்துக்கொண்டது. அன்று பம்பாயில் சமய, இன அடிப்படையில் அணிகள் பிரிந்து ஆடுவது வழக்கம். களத்தில் அவர் கையிலிருந்த பந்தைத் தொட்டுத் தடவிய அதே கைகள், இடைவேளையில் அவருக்குத் தேநீரைக் கூடாரத்திற்கு வெளியே, தனியாக, மண்குவளையில் கொடுத்தன. 1906-இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை வென்றபோது பாலூவும் அவர் தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தனர். 1911-இல் பாட்டியாலா மன்னரின் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலூ சென்று, அச்சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலூ மட்டும் தோற்றுத் திரும்பவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தலைமைப் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. இங்கே நான் முன்னர்ச் சொன்ன முதற்போட்டி வருகிறது. அந்த உடன்பிறந்தார், “நம் ஆட்டத்தை நாம் ஆடுவோம், பதவி எதற்கு?” என்று இருந்துவிடவில்லை. 1920-இல் தலைமை மறுக்கப்பட்டபோது தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி, அது சாதியால் நேர்ந்த அநீதி என்று வெளிப்படையாகவே அறிவித்தனர். 1923-இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். வலைக்குள் வளர்த்த திறமையும் வெளியே தொடுத்த வழக்கும் இரண்டும் தேவைப்பட்டன. திறமை மட்டும் இருந்தபோது தலைமை கிடைக்கவில்லை. திறமையின்றி வழக்கு மட்டும் இருந்திருந்தால் கேட்பாரில்லாமற் போயிருக்கும். நாட்டு வழக்கம் அப்படி. அதை நான் நியாயம் என்று சொல்லவில்லை.

இனி நம் காலத்திற்கு வருவோம். இந்த மண்டபத்தில் உள்ள இளைஞருள் பலர் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் என்று அறிகிறேன். ஆகவே, நான்காம் தொகுதித் தேர்வையே எடுத்துக்கொள்கிறேன். 200 வினாக்கள், 3 மணி நேரம், 300 மதிப்பெண். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. வினா ஒன்றுக்கு ஒரு நிமிடமும் முழுதாக இல்லை. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண் பெறாதவரின் மற்றப் பகுதி விடைத்தாள் திருத்தப்படுவதே இல்லை. 2022-இல் இத்தேர்வை 18 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர்.

இந்தப் பதினெட்டு இலட்சம் என்னும் எண்ணைக் கேட்டவுடனே பாதிப்பேர் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். உங்களைக் கேட்கிறேன்: அந்தப் பதினெட்டு இலட்சம் பேரில் எவரேனும் உங்கள் மேசைக்கு வந்து உங்கள் விடையைத் தவறாக்க முடியுமா? கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைத்தான் ‘கட்-ஆப்’ என்கிறோம். பணியிடங்கள் கூடினால் அது இறங்கும். வினாத்தாள் எளிதானால் ஏறும். அதே பிள்ளை, அதே அறிவோடு, ஓர் ஆண்டு உள்ளே இருப்பான். ஓர் ஆண்டு வெளியே நிற்பான். ஆதலின், அந்த எண் உங்கள் தகுதிச் சான்றிதழ் ஆகாது. விடுதியில் யாரேனும், “உனக்கு என்னைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் இடம் கிடைத்தது” என்று குத்திக்காட்டினால் நீங்கள் கூனிக் குறுக வேண்டியதில்லை. எந்த வீட்டிலிருந்து, எத்தனை மைல் நடந்து, எந்த விளக்கொளியில் படித்து அந்த மதிப்பெண் வந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

சொல்லக்கூடிய எண் ஒன்று உண்டு; அதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாதம் ஒன்றை, கடிகாரத்தை முன்னால் வைத்து, மூன்று மணி நேரம் எழுதுங்கள். எழுதும்போதே ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுங்கள்: தெரிந்து எழுதியதா, ஊகித்து எழுதியதா, தெரியாததா என்று. விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கென்றே ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறது. அந்த நேர்மை குறிப்பேட்டிலும் வேண்டும். பிறகு திருத்துங்கள். மொத்த மதிப்பெண்ணைக் காட்டிலும் முக்கியமானது, தெரிந்து எழுதியவற்றில் எத்தனை தவறு என்பது. அவை மறதியால் வந்தனவா, அவசரத்தால் வந்தனவா, வினாவைத் தவறாகப் படித்ததால் வந்தனவா? சில மாதங்கள் எழுதிப் பாருங்கள். உங்கள் எதிராளியின் முகம் உங்களுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ‘அல்லாதது எது?’ என்னும் சொல்லைக் கவனிக்காமல் ஓடுகிற உங்கள் கண்ணாகத்தான் இருக்கும்! ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். ஒரே வினாத்தாளை நான்கு முறை எழுதி, மதிப்பெண் ஏறிவிட்டது என்று மகிழாதீர்கள். அது முன்னேற்றம் ஆகாது, மனப்பாடம்.

இங்கே இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள் ஒரே தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஒருவன் வாங்கிய புத்தகத்தை மற்றவன் கண்ணில் படாமல் வைக்கிறான். பயிற்சி வகுப்புக் குறிப்பைக் கேட்டால், “நான் எழுதவில்லை” என்கிறான். இது மனக்குறுகல் என்று ஒழுக்கம் பேசி நான் உங்களைச் சலிப்படையச் செய்யவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். பதினெட்டு இலட்சம் பேர் எழுதும் தேர்வில் உங்கள் நண்பன் உங்களை முந்தினால் உங்கள் வரிசை எண் ஒன்று தள்ளும்; ஒன்றே ஒன்று. ஆனால், அவனும் நீங்களும் மாலைதோறும் அமர்ந்து ஒருவர்க்கொருவர் வினாக் கேட்டுக்கொண்டால், இருவரும் ஆயிரக்கணக்கானோரைத் தாண்டலாம். ஒருவனை வெல்ல மறைத்துவைத்து ஆயிரம் பேரிடம் தோற்பது என்ன கணக்கு? நேற்றைய தன்னையே எதிராளியாகக் கொண்டவனுக்கு நண்பனுக்குப் புத்தகம் கொடுக்கக் கை நடுங்காது. உட்பிரிவின் பெயரால் ஒருவரையொருவர் அளந்துகொள்ளும் நோய்க்கும் இந்த மருந்து சிறிது பயன்படும் என்று நம்புகிறேன். முழுதும் தீர்க்கும் என்று சொல்லத் துணியமாட்டேன்.

இம்முறையில் ஏமாற்றும் உண்டு, கொடுமையும் உண்டு. “சென்ற மாதம் 110, இம்மாதம் 112, முன்னேறிவிட்டேன்” என்று ஐந்தாண்டுகள் நிறைவு கொண்டிருப்பவன் தன்னோடு போட்டியிடவில்லை, தன்னைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறான். தமிழில் 60 என்னும் வாசல் அங்கேயே இருக்கிறது. அதை எப்போது தாண்டுவது என்று நாள் குறிக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, தன்னையே பகைவனாக்கிக்கொண்டு உறக்கத்தையும் உணவையும் குறைத்து உடலை வதைப்போர் உள்ளனர். வீடு முழுவதன் எதிர்பார்ப்பையும் சுமக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இந்த ஆபத்து மிகுதி. அறுவடைக் காலத்தில், தாய்க்கு உடல்நலம் கெட்ட மாதத்தில், மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். அந்த மாதத்திற்கு எதிரே காரணத்தையும் எழுதிவையுங்கள். காரணம் எழுதாத கணக்கு பொய்க்கணக்கு.

தங்கையர்க்கு இது இன்னும் பொருந்தும். விடியலில் தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்ணுக்கு ஒரு நாளில் படிக்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் படிக்கும் அண்ணனோடு அவளை ஒப்பிடுவது அநீதி. அவள் தன் ஒன்றரை மணி நேரத்தைச் சென்ற மாதத்து ஒன்றரை மணி நேரத்தோடு ஒப்பிடட்டும். ஆனால் பெற்றோர்களே, அதோடு நீங்கள் தப்பித்துவிட முடியாது! அந்த ஒன்றரையை மூன்றாக்குவது அவள் பொறுப்பன்று, உங்கள் பொறுப்பு. தண்ணீர்க் குடத்தை அண்ணனும் தூக்கலாம்.

பொதுத் தேர்வு முடிவு வரும் நாளில் பெற்றோர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அன்று ஒரு நாளேனும், “பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த நாள்களில் நாட்டில் எத்தனை இளம் உயிர்கள் வீணே மாய்கின்றன என்பதை நாளேடுகளில் படிக்கிறோம். தவறியவர்க்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் வாங்கிவரப் புறப்படுங்கள். பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாகக் கழகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மூன்று இடங்களைப் பெறுவோர்க்குப் பரிசு வழங்கி வருகிறீர்கள். நன்று, தொடர்க. தமிழ்நாடு அரசே 2017-இல் பொதுத் தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது என்றாலும், நம் தெருவில் ஒரு பிள்ளை மேடையேறுவதை ஊர் பார்ப்பதில் தனியொரு பயன் உண்டு. ஆனால், அந்த மூவரும் பெரும்பாலும் முன்னமே ஓரளவு படித்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். எனவே, நான்காவதாக ஒரு பரிசை ஏற்படுத்துங்கள். கழகத்தின் மாலைநேர வகுப்பில் ஆடித் திங்களில் ஒரு தேர்வும் மாசித் திங்களில் ஒரு தேர்வும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே யார் மிகுதியாக ஏறியிருக்கிறாரோ அவர்க்கு அப்பரிசு. 20-லிருந்து 45-க்கு வந்த பிள்ளை அதைப் பெறட்டும். பரிசுத் தொகை முதற்பரிசுக்குச் சமமாகவே இருக்கட்டும். குறைத்துக் கொடுத்தால் அது ஆறுதற் பரிசு என்று பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். அவர்கள் அறிவாளிகள். முதலாண்டுப் பரிசுக்கான தொகையை நான் இன்றே கழகப் பொருளாளரிடம் ஒப்படைக்கிறேன். அடுத்த ஆண்டுகளை இந்த மண்டபத்தில் உள்ள பணியாளர்களும் ஓய்வுபெற்றோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் தேர்வை எந்த நாளில் வைப்பது என்பதை ஆசிரியர்கள் இன்று மாலையே கூடி முடிவு செய்தால் நலம்.